பெயர் சொல்லிப் பாட்டுப் போட்ட வானொலி



இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இதில் பாதி அவர்களுடைய கதை.

கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை என்று நமது பக்கத்து வீடுகளில் ஒரு விசயத்தைப் பலரும் கவனித்திருப்பீர்கள். மூத்தவர்களுக்கு ஹிந்தி பேசத் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆனால் பழைய ஹிந்திப் பாட்டு ஒன்று எங்காவது கேட்டால், பாட்டுக்காரர் வாய் திறக்க முன்பே "இது நௌஷாத்", "இது சங்கர் ஜெய்கிஷன்", "இது மதன் மோகன், பாடப்போவது லதா" என்று சொல்லிவிடுவார்கள். சிலர் படத்தின் பெயரையும் பாட்டெழுதியவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். இன்று நாள் முழுக்கக் காதில் வயரை மாட்டிக்கொண்டு திரியும் நமது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நடித்தவர் பெயர் வரும். இசையமைத்தவர் பெயர் வராது.

மொழியே தெரியாத ஒரு தலைமுறை, அந்த மொழியின் பாட்டுகளைச் செய்தவர்களை எப்படிப் பெயர் பெயராக அறிந்து வைத்திருந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் அது நமது நாட்டு வானொலியில் போய் நிற்கிறது. அந்த வானொலியின் ஒரு வேர் நமது கண்டியிலேயே இருக்கிறது.

பேராதனைக்கு வந்த யுத்தம்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் பிரபு தனது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் புது டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவில்தான் அந்தத் தலைமையகம் இயங்கியது. இன்று நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் அதே பூங்கா. பர்மா, மலாயாப் போர்முனைகளில் இருந்த படையினருக்குச் செய்தியும் பாட்டும் கொடுப்பதற்காக அந்தப் படைத் தலைமையின் கீழ் 'ரேடியோ சியெக்' என்ற வானொலி தொடங்கப்பட்டது. அதற்காக ஏகலவில் 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. அன்றைய ஆசியாவில் அது மிகவும் பலமான ஒலிபரப்பிகளில் ஒன்று.

யுத்தம் முடிந்தது. படைகள் போய்விட்டன. ஒலிபரப்பி இங்கேயே நின்றது. 1949 இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து, ரேடியோ சிலோனின் சொத்தாகியது. நமது சிறிய தீவுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பெரிய குரல் நமக்குக் கிடைத்தது. அதை என்ன செய்வது? கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. விளம்பரக் காசில் இயங்கும் சேவை. அதில் ஹிந்தி நிகழ்ச்சிகள் இந்தியாவை நோக்கிப் போயின.

டில்லி மூடிய கதவு

1952 இல் இந்தியாவில் பி. வி. கேஸ்கர் தகவல், ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவரது எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

அந்தச் சண்டையில் ஒரு முக்கியமான விசயம் இருக்கிறது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகிவிடும், ஆகவே பாட்டைப் போடும்போது படப் பெயரைச் சொல்லமாட்டோம் என்று அகில இந்திய வானொலி முடிவெடுத்தது. படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு, பாட்டை ஒலிபரப்பக் கொடுத்த அனுமதியையே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஆக, சண்டையின் ஒரு நுனி பெயர்தான். பெயரைச் சொல்வதா, விடுவதா?

கதவு அங்கே மூடியது, இங்கே திறந்தது. 1952 டிசம்பர் 3 ஆம் திகதி ரேடியோ சிலோனில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பினாக்கா ஒரு பற்பசை. நிகழ்ச்சியை நடத்தியவர் அமீன் சயானி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பம்பாயில் பேசிப் பதிவு செய்து நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொழும்பிலிருந்து அது கடலைத் தாண்டி மறுபடி இந்தியாவுக்குப் போகும். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை இரவு 8 மணி என்றால் இந்தியாவின் பாதித் தெருக்கள் வெறிச்சோடும் என்பார்கள். இந்தியா தன் பாட்டைத் தானே கேட்க இலங்கையின் வானொலியைத் திருப்ப வேண்டியிருந்தது. 1957 இல் 'விவித் பாரதி' தொடங்கும்வரை இதுதான் நிலைமை.

இந்தியாவுக்குப் போன அலை நமது மலைகளிலும் கேட்டது. கடைகளிலும் வீடுகளிலும் வால்வு ரேடியோ இருந்த இடமெல்லாம் அது கேட்டது. காலை நிகழ்ச்சியில் பழைய படப் பாட்டுகள் போகும். 8 மணிக்குச் சற்று முன் கடைசிப் பாட்டு கே. எல். சைகலுடையது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அதுதான் மணிக்கூடு.

இப்போது முதல் கேள்விக்கு விடை வருகிறது. அந்த அறிவிப்பாளர்கள் பாட்டைச் சும்மா போடமாட்டார்கள். படம் இது, பாடியவர் இவர், எழுதியவர் இவர், இசை இவருடையது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லித்தான் போடுவார்கள். தினமும் இதைக் கேட்டவர்களுக்கு ஹிந்தி விளங்கவில்லை என்றாலும் பெயர்கள் விளங்கின. பெயர் தெரிந்ததும் காது வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. இந்தத் தபேலா நடை நேற்றுக் கேட்டவருடையது மாதிரி இருக்கிறதே, இந்த வயலின் கூட்டம் சங்கர் ஜெய்கிஷனுடையதுதானே என்று ஒப்பிடப் பழகுகிறது. ரசனை என்று நாம் சொல்வது இதைத்தான். யாரும் வகுப்பு எடுக்காமல் ஒரு வானொலி ஊருக்கே எடுத்த பாடம் அது.

பெயர்களுக்குப் பின்னால்

பெயர் சொல்வது சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் படவுலகில் ஒரு பெயரைச் சொல்வதற்கே எவ்வளவு பாடு இருந்தது என்று பாருங்கள்.

1949 இல் 'மஹல்' படம் வந்தபோது அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. படத்தில் வரும் 'காமினி' என்ற பாத்திரத்தின் பெயரே அச்சாகியிருந்தது. பாடியது யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது.

திலீப் குமாரின் சொந்தப் பெயர் யூசுப் கான். மதுபாலா, மும்தாஸ் ஜஹான் பேகம். மீனா குமாரி, மஹ்ஜபீன். இசையமைப்பாளர் கையாமும் தொடக்கத்தில் தன் பெயரில் வேலை செய்யவில்லை. ரஹ்மான் என்ற நண்பரோடு சேர்ந்து 'சர்மாஜி வர்மாஜி' என்ற பெயரில் இசையமைத்தார். பிரிவினையில் நண்பர் பாகிஸ்தான் போய்விட, இவர் சர்மாஜியாகவே சில காலம் தனியே நின்றார். பிறகுதான் கையாம் என்ற பெயரில் வந்தார். 1976 இல் 'கபீ கபீ', 1981 இல் 'உம்ராவ் ஜான்' என்று அந்தப் பெயர் நிலைத்தது.

நௌஷாதின் கதை வேறு விதம். லக்னோவில் பிறந்தவர். இசை வேண்டுமா, வீடு வேண்டுமா என்று வாப்பா கேட்க, இசை என்று பம்பாய்க்குப் போனவர். 1944 இல் 'ரத்தன்' படப் பாட்டுகளால் நாடெங்கும் புகழ் பெற்றார். அவருக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை பம்பாயில் தையற்காரர் என்றுதான் பெண் வீட்டாரிடம் சொன்னார்களாம். பாட்டுக்காரர் என்றால் பெண் கிடைக்காது. கல்யாண ஊர்வலத்தில் பாண்ட் வாத்தியக்காரர்கள் வாசித்தது 'ரத்தன்' பாட்டுகளை. மாமனார் அந்தப் பாட்டுகளைச் செய்தவனைத் திட்டிக்கொண்டிருக்க, செய்தவர் மாப்பிள்ளைக் கோலத்தில் பேசாமல் இருந்தாராம். இதைச் சிரித்துக்கொண்டு சொன்னவர் நௌஷாதே.

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்தை இந்தப் பதிவின் கீழே தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்கிறோம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாங்கள் சொல்வது நடந்த வரலாறு.

அதே நௌஷாத் 1952 இல் 'பைஜு பாவ்ரா' படத்துக்கு ஒரு பக்திப் பாட்டு அமைத்தார். கண்ணனை ஏங்கித் தேடும் பஜனை. ராகம் மால்கௌன்ஸ். நமது பக்கத்துக் கோயில் நாதஸ்வரத்தில் ஹிந்தோளம் கேட்டவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது, இரண்டும் ஒரே சுரங்கள்தான். எழுதியவர் ஷகீல் பதாயூனி, பாடியவர் முஹம்மத் ரபி. மூவரும் முஸ்லிம்கள். இன்றும் கோயில்களில் அது பாடப்படுகிறது. பாடுகிறவர்களுக்கும் பெயர்கள் தெரியும். தெரிந்துதான் பாடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 'பாகீசா' படத்துக்கு இசையமைத்த குலாம் முஹம்மத் 1968 இல் வறுமையில் மௌத்தாகிவிட்டார். படம் வெளிவந்தது 1972 இல். பாட்டுகள் நாடெல்லாம் ஒலித்தும் பிலிம்பேர் விருது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 'பேயீமான்' படத்துக்காகச் சங்கர் ஜெய்கிஷனுக்குக் கொடுத்தார்கள். அதே 'பேயீமான்' படத்தில் நடித்ததற்காக பிரானுக்கும் விருது அறிவிக்கப்பட்டது. பிரான் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். விருது குலாம் முஹம்மதுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார். திரையில் வில்லனாக வந்து நம்மைப் பயமுறுத்திய பிரான்! தான் நடித்த படத்துக்கே எதிராக, உயிரோடு இல்லாத ஒரு முஸ்லிம் இசையமைப்பாளரின் பெயருக்காக நின்ற ஹிந்து நடிகர்.

சங்கர் ஜெய்கிஷன் என்ற கூட்டணியையே பாருங்கள். சங்கர் ஹைதராபாத்தில் வளர்ந்தவர், ஜெய்கிஷன் குஜராத்தி. அவர்களுக்குப் பாட்டெழுதிய சைலேந்திரா ரயில்வே பட்டறைத் தொழிலாளி, ஹஸ்ரத் ஜெய்ப்பூரி பம்பாய் பஸ் கண்டக்டர். வாத்தியங்களுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் செபஸ்டியன் டிசூசா, கோவாக் கிறிஸ்தவர். சலில் சௌத்ரி, அசாம் தேயிலைத் தோட்டத்து டாக்டரின் மகன். தோட்டத்துப் பாட்டும் மேல்நாட்டு இசைத்தட்டும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்தவர். 1958 இல் வந்த அவரது 'மதுமதி' பாட்டுகளில் மலைக்காற்று அடிப்பதற்குக் காரணம் நமது மலையகத்தாருக்குச் சொல்லாமலே விளங்கும்.

தமிழுக்கும் இவர்கள் தூரமானவர்கள் அல்ல. 1953 இல் கீத்மாலாவின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது 'அனார்கலி' படப் பாட்டு, இசை சி. ராமச்சந்திரா. 1958 இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு இசையமைத்தவரும் அவரேதான். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் அந்த நடனத்தை ரசித்தவர்கள் எத்தனை பேருக்கு இந்தத் தொடர்பு தெரியும்?

நமது தீவின் ரபி

ரபி பஜனை பாடிய அதே காலத்தில் நமது நாட்டில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் சேலத்தில் 1919 இல் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்து சேர்ந்தவர் மொஹிதீன் பேக். 1947 இல் 'அசோகமாலா' தொடங்கி எத்தனையோ சிங்களப் படங்களில் பாடினார். வெசாக் பந்தல்களில் இன்றும் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாட்டுகள் சில அவருடைய குரல். ஐவேளை தொழுத ஒருவரின் குரல் இல்லாமல் பல ஊர்களில் வெசாக் நிறைவதில்லை. 1991 இல் அவர் மறையும்வரை தன் பெயரை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி மக்களும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிந்திப் பாட்டின் செல்வாக்கு நமது நாட்டுக் கலைஞர்களுக்கு நிழலாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. ஐம்பது, அறுபதுகளில் பல சிங்களப் படப் பாட்டுகள் ஹிந்தி மெட்டுகளின் நேர் பிரதிகள். எச். ஆர். ஜோதிபால பாடிய எத்தனையோ பாட்டுகள் அப்படிப்பட்டவை. நமது இஸ்லாமியப் பாட்டுகளிலும் கல்யாண வீட்டுப் பாட்டுகளிலும் அதே கதை. குரல் இனியது, சொல் இனியது, ஆனால் மெட்டைச் செய்தவர் பெயரைச் சொல்வார் இல்லை.

இன்னொன்று. இந்தியாவுக்கு ஹிந்தி சினிமாப் பாட்டைக் கொட்டிக்கொண்டிருந்த அதே ரேடியோ சிலோன், அதே 1952 இல், லக்னோ சங்கீதக் கல்லூரி அதிபர் ரத்தன்ஜன்கரை வரவழைத்து நமது கலைஞர்களைத் தரம் பிரிக்கச் சொன்னது. வட இந்திய ராக சங்கீதம்தான் அளவுகோல். எமக்கென்று ஒரு இசை உண்டு, அதை இந்தக் கோலால் அளக்க விடமாட்டேன் என்று சுனில் சாந்த அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. வானொலியின் கதவு அவருக்கு மூடியது. புகழின் உச்சியில் இருந்த மனிதர் பிழைப்புக்கு வேறு தொழில்கள் செய்தார். ஹிந்திப் பாட்டை நேசிப்பவர்கள் சுனில் சாந்தவின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

எதற்காக இதையெல்லாம் சொல்கிறோம்?

நமது ஊரில் இன்று ஒருவர் பெயரைக் கேட்டதும் முதலில் மனதில் ஓடுவது என்ன? இவர் யார், எந்தப் பக்கம் என்பதுதான். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களில், ஒரு பெயர்ப் பலகை என்ன செய்யும் என்று நாம் நேரில் பார்த்தோம். அதற்கு முன்பும் பின்பும் வாடகை வீட்டுக்கு, வேலைக்கு என்று பெயரைச் சொன்னதும் முகம் மாறுவதை நமது பிள்ளைகள் அனுபவித்திருக்கிறார்கள். மற்றவர் பெயரைக் கேட்டு நமது முகமும் மாறியிருக்கிறது. அதையும் மறுக்க முடியாது.

அந்த வானொலிக் காலத்திலும் கலவரம் இருந்தது, பிரிவினை இருந்தது, 1958 இருந்தது. எல்லாம் தேனாக ஓடியது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு குரல் நௌஷாத், சைலேந்திரா, ரபி, லதா, டிசூசாவின் வயலின்கள் போகும் சங்கர் ஜெய்கிஷன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டது. சிங்களக் கடை முதலாளியும், தோட்டத்து லயத்தில் இருந்தவரும், நமது உம்மும்மாவும் அந்தப் பெயர்களை ஒரே மரியாதையோடு திருப்பிச் சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் இவர் என்ன செய்தார் என்று யோசிக்கும் பழக்கம் அது. அந்தப் பழக்கம்தான் நமக்கு இப்போது தேவை. அதற்கு ஹிந்திப் பாட்டுத்தான் வேண்டும் என்றில்லை. சாப்பாட்டைச் சமைத்தவர், சட்டையைத் தைத்தவர், பாடத்தைச் சொல்லித் தந்தவர் என்று எதிலும் தொடங்கலாம்.

1980 பெப்ரவரி 4 ஆம் திகதி, நமது சுதந்திர தினத்தன்று, முஹம்மத் ரபி கொழும்பில் வந்து பாடினார். அதே ஆண்டு ஜூலை 31 இல் மௌத்தாகிவிட்டார். அமீன் சயானியும் 2024 பெப்ரவரியில் போய்விட்டார். அவர்களைக் கேட்டு வளர்ந்த நமது பெரியவர்களும் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். கண்டியில் எந்தக் கடையில் ரேடியோ சத்தமாகப் பாடியது, யார் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது, கல்யாணத்துக்கு இசைத்தட்டு வாடகைக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன வேலை தொடங்கலாம் என்று இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அடுத்த தவணையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலோ அயலிலோ ஒரு பெரியவரிடம் போய், அவருக்குப் பிடித்த மூன்று பாட்டுகளைக் கேட்டு எழுதிவர வேண்டும். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், எந்த இடத்தில் முதலில் கேட்டார் என்று ஐந்து விபரங்கள். அந்தப் பெரியவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டு அங்கிளாக இருந்தால் இன்னும் நல்லது, அந்த வீட்டுப் படியை ஏற ஒரு காரணம் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு முன்னால் நீங்களும் தொடங்கலாம். இன்று இரவு உங்கள் வாப்பாவிடம், உம்மாவிடம், நாநாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள். பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், இசை யாருடையது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.